பேராயி அம்மையாரின் தூளிகள்

வறட்டி தட்டி விற்பது பேராயி அம்மையாரின் பிழைப்பு. பூந்துறைநல்லூர்ப் பெருமாள் கோயில் மதிலை ஒட்டிய குடிசையில் வாசம். விடிந்ததும் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு; பிறகு சாணியில் கை. ஆனால் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் வறட்டிக்கூடையைத் தொட மாட்டார். குளித்து முழுகி, வெளுத்த சேலை உடுத்தி, கோபுரத்துக்கு எதிரேயுள்ள புளியமரத்தில் வரிசையாகத் தூளிகளைக் கட்டுவார். கைக்குழந்தைக்காரிகள் நெரிசலுக்கு அஞ்சி வாசலோடு திரும்பிப் போவதைக் கண்ட நாள் முதல் இந்தத் தொண்டு.

"குடுத்துட்டுப் போ தாயி. ஆசை தீரச் சேவிச்சுட்டு வா" என்பார்.

கடைசித் தாய் வந்து தன் பிள்ளையை வாங்கிக்கொள்ளும்போது உள்ளே நடை சாத்தியிருக்கும். அந்தச் சனிக்கிழமை அலங்காரத்தை அம்மையார் ஒருமுறைகூடச் சேவித்ததில்லை.

ஆனாலும் அவரைக் கண்டால் மணவாளனாருக்கு வயிறு எரிந்தது.

மணவாளனார் பெருமாளுக்கு மாலை கட்டுகிறவர். அவர் நந்தவனத்துத் துளசிதான் தினமும் சுவாமியின் மார்பில் கிடக்கும். அப்பேர்ப்பட்டவரை ஏறெடுத்தும் பாராமல், வருகிற பெண்களெல்லாம் "பேராயி அம்மா எங்கே?" என்றல்லவா கேட்கிறார்கள்! நார் கிழிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி அவர் நெஞ்சையும் சேர்த்துக் கிழித்தது.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. பெருமாளின் தோளில் சாத்திய பட்டுத் துணியை எடுத்து, அடியார் ஒருவருக்குத் தலையில் பரிவட்டமாகக் கட்டும் நாள். மணவாளனார் ஆண்டாண்டாகக் காத்திருந்த மரியாதை. கோயில் மணியக்காரர் அருகில் வந்து கிசுகிசுத்தார்.

"ஓய், இந்த வருஷம் பேராயிக்குத்தான்னு ஊர்ல பேச்சு. பலன் பாராத தொண்டாம்!"

மணவாளனாருக்கு முகம் சுண்டியது. "பலன் பாராததா? வாரும், இப்பவே கேட்டுடுவோம்!"

புளியமரத்தடியில் அம்மையாரின் தோளில் ஒரு குழந்தை சாய்ந்திருந்தது. கடைவாயில் ஒழுகிய பாலும், கன்னத்துத் திருஷ்டிப் பொட்டின் மையும் அவர் சேலையில் அப்பியிருந்தன.

"ஏம்மா, ஒரு லாபமும் இல்லாமயா இத்தனை பிள்ளைங்களைச் சுமக்கிறே? பெருமாள் மேல ஆணையாச் சொல்லு!"

"அதெப்படிங்க சாமி இல்லாம இருக்கும்?" அம்மையார் சிரித்தார். "பெத்தது ஒண்ணே ஒண்ணு. பால்குடி மறக்குமுன்னே போயிடுச்சு. இதுங்க தோள்ல சாயுறப்ப உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு. அந்தச் சுகத்துக்குத்தான் செய்யறேன்."

"கேட்டீரா மணியக்காரரே! தன் சுகத்துக்காம்! இத்தனை வருஷத்துல நான் பெருமாள்கிட்ட ஏதாவது கேட்டதுண்டா?"

"அவர் சொல்றது சரிதாங்க. மரியாதை அவருக்கே ஆகட்டும்" என்ற அம்மையார், குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சாமி. இப்பத்தான் கண்ணசந்தது."

வென்றார் மணவாளனார். சன்னதியில் கூட்டம் பார்த்திருக்க, பட்டர் பெருமாளின் தோளிலிருந்து பட்டை எடுத்து அவர் தலையில் கட்டினார். மணவாளனார் பூரித்துக் கண்மூடினார்.

நெற்றியில் ஈரம்!

துளசி மணக்க வேண்டிய பட்டில் பால் மணத்தது. பதறி அவிழ்த்து விரித்தார். தோள்மடிப்பில் பிள்ளை எச்சில். பக்கத்தில் வட்டமாக ஒரு மைத்தீற்றல். சற்றுமுன் புளியமரத்தடியில் கண்ட அதே கறை!

"காலையில புதுப்பட்டுன்னா சாத்தினேன்!" என்றார் பட்டர்.

மணவாளனார் நிமிர்ந்து பெருமாளைப் பார்த்தார். தன் சுகம் என்று எதை இழித்தாரோ, அந்தச் சுகத்துக்கு அவனும் ஆசைப்பட்டுத் தோள் கொடுத்திருக்கிறான்! ஒன்றுமே கேட்கவில்லை என்று மார்தட்டியவரோ, இந்த முழத் துணிக்காகத்தான் இத்தனை ஆண்டும் மாலை கட்டினார்.

பட்டைக் கையில் ஏந்தி வெளியே ஓடினார்.

"தாயே, இது உன்னோடது. உள்ளே போ. உனக்காகத் திரை திறந்திருக்கு."

"பிள்ளைங்களை யார் பார்ப்பா சாமி?"

"இப்படிக் குடு. நான் தூக்கிக்கறேன்."

பேராயி அம்மையார் முதன்முறையாகப் புரட்டாசிச் சனிக்கிழமையில் அந்த வாசலைக் கடந்தார். மணவாளனாரின் தோளில் சாய்ந்த குழந்தை, அவர் உத்தரீயத்தில் பால் கக்கிற்று. அவர் அதைத் துடைக்கவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

பிறர் பிள்ளையைச் சுமந்த சுகத்தில் பெருமாளையும் பங்காளியாக்கிய பேராயி அம்மையாரின் தோள் வாழ்க!