முத்தன்துறையில் ரூட் கதவு அடைபட்ட கதை

அந்தக் காலத்தில் முத்தன்துறை மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்த்த ஐந்து பேரும், அவரவருக்குத் தனிப் பெயர் இருந்தும், ‘ரூட்’ என்ற ஒரே பெயரில்தான் கணினிக்குள் போவார்கள். ரூட் என்றால் அந்த லினக்ஸ் இயந்திரத்துக்கே ராஜா. அவன் சொன்னதை அது மறுபேச்சில்லாமல் செய்யும். கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்திலேயே ஒட்டிவைத்திருந்தார்கள்.

அவர்களில் பிரிஜித்தா கைதேர்ந்தவள். கடலில் இருக்கும் படகுகளின் பட்டியலும், ஒவ்வொரு படகின் செயற்கைக்கோள் ஃபோன் எண்ணும் அவள் பொறுப்பு. நகல் எடுக்கும் வட்டு பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் ஒரு முற்பகல், புயல் திசை மாறிவிட்டதாகச் செய்தி வந்தது. எச்சரிக்கை அனுப்பப் போனால், தன் வட்டில் இடமில்லை என்றது கணினி. படகுப் பட்டியல் இருந்த கோப்புறைக்குள்ளேயே பழைய வானிலைப் படங்கள் குவிந்து கிடந்தன.

“அக்கா, உங்க பேர்லயே போய் அழிங்க. அந்தப் படத்துக்கெல்லாம் ரூட் எதுக்கு?” என்றான் பக்கத்து மேசை லூர்து.

“வெளிய போய்த் திரும்ப உள்ள வர நேரமில்லப்பா.”

அவசரமாக அழிக்கும் கட்டளையை அடித்தாள். கோப்புறையின் பெயருக்கும் படங்களின் பெயருக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. கோப்புறையையே அழிக்கச் சொல்கிறாள் என்று கணினி எடுத்துக்கொண்டது. அவள் தன் பெயரில் போயிருந்தால், ரூட்டுக்குச் சொந்தமான பட்டியலைத் தொட அனுமதி இல்லை என்று தடுத்திருக்கும். ராஜாவை யார் தடுப்பது?

நொடியில் பட்டியல் போய்விட்டது. பிரிஜித்தா காகிதத்தை இழுத்து, படகுகளின் பெயர்களை ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். மீனவர் சங்கத்துக்கும் வீடுகளுக்கும் ஓடி எண்களைச் சேர்த்தார்கள். நாற்பத்தொரு படகில் முப்பத்தெட்டுக்குச் செய்தி போனது. மீதி மூன்றில் இரண்டு தாமாகவே கரை சேர்ந்தன. ‘சகாயமாதா’ வரவில்லை. அதில் நான்கு பேர் இருந்தார்கள்.

எட்டாம் நாள் பிரிஜித்தா அந்தப் படகோட்டியின் மனைவி தெரசம்மாளிடம் போனாள்.

“நான்தான்க்கா அழிச்சேன். என் கைதான்.”

தெரசம்மாள் அழவில்லை, திட்டவும் இல்லை. “இத்தனை உசுர ஒரு விரல்ல தொங்கவிட்டு வச்சிருந்தீங்களே, யாருக்கும் பயமா இல்லையா?” என்று மட்டும் கேட்டாள்.

பிரிஜித்தா அலுவலகம் திரும்பி, திரையில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தாள். ரூட்டாக நேரே நுழையும் வழியை அடைத்தாள். ஐவருக்கும் அவரவர் பெயருக்குப் புதுக் கடவுச்சொல் கொடுத்தாள். பிறகு வேலையை விட்டுப் போய்விட்டாள்.

அன்று முதல்தான் முத்தன்துறையில் எல்லாரும் அவரவர் பெயரில் வேலை செய்கிறார்கள். ராஜாவின் அதிகாரம் தேவைப்படும் ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் முன்னால் ‘சூடோ’ என்று அடிக்கிறார்கள். கடவுச்சொல்லைக் கணினி கேட்கும்முன், அடித்ததை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறார்கள்.