மாஸ்டர் வீட்டுத் துக்கம்

கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் சங்கரபாண்டியனுக்கு வரவேண்டிய ஆர்டர்களை யாரோ கமுக்கமாகத் தட்டிப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் காய் நறுக்குறவதான் வெளியாளுக்குத் துப்புக் கொடுக்கிறா!" என்று மீசையை முறுக்கினார் சமையல் மாஸ்டர் வைத்திலிங்கம்.

"அந்த ஆளைக் காட்டு, இல்லேன்னா நீ கிளம்பு" என்றார் முதலாளி அவளிடம்.

சொர்ணக்கிளி அரிவாள்மனையை விட்டு எழுந்தாள். "எனக்கென்ன தெரியும் மொதலாளி? நம்ம மாஸ்டரை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. முகூர்த்த நாள் தவறாம அவரு சொந்தத்துல ஒரு சாவு விழுது, லீவு போட்டுட்டு ஓடுறாரு. ஆனா அதிசயம் பாருங்க, கல்யாணமே இல்லாத ஆடியிலயும் மார்கழியிலயும் மட்டும் அங்க ஒருத்தரும் சாகிறதில்ல!"

முதலாளி மெல்லத் திரும்பினார். "மாஸ்டர், நாளைக்கும் முகூர்த்தமாச்சே. யாரைச் சாகடிக்கப் போறீரு?"

வைத்திலிங்கம் கரண்டியை வைத்துவிட்டு வெளியேறினார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் நிஜமான துக்கம் தெரிந்தது.