அலாரம் கத்தாத ஒரே ஆள்

கரட்டுப்பட்டிப் பெத்தணனும் அவர் தம்பிமார் காத்தவராயனும் தவசியும் யோசிக்காமல் எந்தக் காரியத்திலும் இறங்கமாட்டார்கள். கெட்டதெல்லாம் அந்த யோசனையால்தான்.

பெத்தணனின் மகள் பாண்டிமீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கடலை விற்ற காசில் வருசக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த நகை முழுதும் நடுவீட்டுப் பீரோவில் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் திருட்டுப் போனது. அன்றிலிருந்து பெத்தணனுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் வெறுங்கழுத்தோடு மணவறையில் உட்கார்ந்திருப்பது போலவே கண்ணுக்குள் நின்றது.

மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் பத்திரிகை வைக்கப் புறப்பட்டபோது, வாசலில் நின்று சொன்னாள்: "திருடன் எவனா இருந்தாலும் வீட்டுக்குள்ள விட்றாதீக." புருசனை நன்றாகத் தெரிந்தவள், அதனால் தெருமுனை வரை போய்த் திரும்பிவந்து இன்னொரு தடவையும் சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணன் தம்பிகள் டவுனுக்குப் பஸ் ஏறினார்கள். கடைக்காரர் முதலில் கேமராவைக் காட்டினார். திருடன் மூஞ்சி அப்படியே பதிந்துவிடும் என்றார். மூவரும் ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள். திருடன் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கல்யாண ஆல்பத்தில் ஒட்டவா என்று தவசி கேட்டான். கேமரா வேண்டாம் என்று முடிவாயிற்று.

அடுத்தது விரலை வைத்தால் திறக்கும் பூட்டு. காத்தவராயன் தன் ஆள்காட்டி விரலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி இருக்கிறது, விரல் தொலைந்தால் எங்கே போவது என்று கவலைப்பட்டான். மீதி ஒன்பது விரலும் கையோடு இருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பூட்டும் வேண்டாம்.

கடைசியாகக் கடைக்காரர் சுவரில் மாட்டும் அலாரத்தை எடுத்தார். "திருடன் உள்ள கால வச்சாப் போதும்ணே, ஊரே எந்திரிக்கிற மாதிரி கத்தும். தப்பாக் கத்துச்சுங்கிற பேச்சே இல்ல."

பெத்தணன் அதைப் பெட்டியோடு வாங்கிக் கடைக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினார். அட்டைப்பெட்டிக்குள் இருந்த எந்திரம் மூச்சுவிடவில்லை. கடைக்காரர் யோக்கியர் என்பது உறுதியானதால் பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டார்கள்.

மாட்ட வந்த ஆள் அதைப் பீரோவுக்கு மேலே மாட்டிக் கரண்டு கொடுத்தான். நிறுத்துவதற்கு ஒரு ரகசிய எண் உண்டு, அது யாருக்கும் தெரியக்கூடாது என்றான். யாருக்கும் என்றால் தங்களையும் சேர்த்துத்தான் என்று புரிந்துகொண்ட மூவரும் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார்கள். அவன் வாய் அசைந்து நின்றபிறகுதான் கையை எடுத்தார்கள். கரண்டு போனால் எந்திரம் வேலை செய்யாது, பேட்டரி தனியாக வாங்கிப் போடவேண்டும் என்பதையும் அவன் அந்தச் சமயத்தில்தான் சொல்லியிருந்தான்.

அவன் எந்திரத்தை முடுக்கிவிட்டுப் போனதும் காத்தவராயன் தண்ணீர் குடிக்க உள்ளே போனான். எந்திரம் கத்திய கத்தில் கூரையிலிருந்த புறாக்களெல்லாம் பறந்துபோயின. அவன் செம்போடு வெளியே ஓடிவந்த பிறகுதான் அது ஓய்ந்தது.

"அண்ணே, எந்திரம் என்னயத் திருடன்ங்குது."

"அப்படி என்னடா திருடுன?" என்றார் பெத்தணன்.

காத்தவராயன் வெகுநேரம் யோசித்து, சின்ன வயதில் கோயில் தோப்பில் மாங்காய் பறித்ததை ஒத்துக்கொண்டான். எந்திரத்துக்கு அதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று மூவரும் வியந்தார்கள். பிறகு தவசி போனான். அவனுக்கும் கத்தியது. அவன் அப்போது கட்டியிருந்ததே காத்தவராயனின் வேட்டி என்பதால் அதில் விவாதத்துக்கு இடமில்லை. அடுத்து வீட்டுப் பூனை போனது. பூனைக்கும் கத்தியபோது எந்திரத்தின் மேல் அவர்களுக்கு இருந்த மரியாதை இன்னும் கூடிவிட்டது. போன வாரம் பால் போன வழி தெரிந்ததே.

கடைசியாகப் பெத்தணன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, மாரியம்மனைக் கும்பிட்டு, வலது காலை எடுத்து வைத்தார். அவருக்குத்தான் அது எல்லாரையும்விடப் பலமாகக் கத்தியதாகத் தோன்றியது. வாசற்படியில் வந்து உட்கார்ந்து அழுதார். "எம்புள்ள நகையக் களவாங்க நானே வீட்டுக்குள்ள படுத்திருந்திருக்கேன் பாருங்கடா. இத்தன வருசமா எனக்கே தெரியாமப் போச்சே." தம்பிகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நல்லவேளை எந்திரம் வாங்கினோம், இல்லாவிட்டால் கல்யாணத்துக்குள் நாமே எடுத்துக்கொண்டு ஓடியிருப்போம் என்று ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டார்கள்.

திருடன் எவனாக இருந்தாலும் உள்ளே விடக்கூடாது என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அவள் பேச்சை மீற முடியாது. மூவரும் பாய் தலையணையோடு மாட்டுத்தொழுவத்துக்குக் குடிபோனார்கள். அங்கேயே கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு, ஒருவர் வீட்டுப் பக்கம் நகர்ந்தாலும் மற்ற இருவர் பிடித்து இழுத்துவைத்தார்கள். பெத்தணனுக்கு ஒரே கவலைதான் பாக்கி. வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் திருடர்கள் என்றால் நகையை யார் காப்பது?

அந்த வாரத்தில் ஒரு பகல், மாதாந்திரப் பராமரிப்பு என்று ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். வீட்டில் ஆள் அரவம் இல்லாததைப் பார்த்துவைத்திருந்த ஒருவன் மஞ்சப்பையோடு சுவரேறிக் குதித்தான். மூவரும் தொழுவத்திலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவன் நடுவீட்டுக்குள் போனான். எந்திரத்துக்கு நேர் கீழே நின்றான். பீரோவைப் பிடித்து ஆட்டினான். சத்தமே இல்லை.

"அண்ணே, கத்தல" என்றான் தவசி.

பெத்தணன் எழுந்து ஓடிப்போய் வாசற்படிக்கு வெளியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "ஐயா, இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் யோக்கியர். நாங்க மூணு பேரும் திருட்டுப் பயலுக. எம்புள்ள நகைய நீங்கதான் வச்சுக் காப்பாத்தணும்."

உள்ளே இருந்தவன் ஓடுவதற்குத்தான் வழி பார்த்தான். ஆனால் பெத்தணன் அரைஞாண் கயிற்றிலிருந்து பீரோச் சாவியை அவிழ்த்து உள்ளே எறிந்ததும் நின்றுவிட்டான். நகையெல்லாம் மஞ்சப்பைக்குள் போயிற்று. காத்தவராயன் அவனுக்கு மோர் கொடுத்தான். மூவரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போய், ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்து வழியனுப்பினார்கள். அன்றைக்குத்தான் பெத்தணன் வயிறாரச் சாப்பிட்டார்.

ஆனால் அந்தப் புண்ணியவான் பஸ்ஸைவிட்டு இறங்கின இடத்தில் ஏட்டு இன்னாசி நின்றுகொண்டிருந்தார். ஏட்டுக்கு அவன் பழைய முகம். பையைப் பிடுங்கிப் பார்த்து, ஆளைக் கொண்டுபோய் லாக்கப்பில் அடைத்தார். கரட்டுப்பட்டிக் கல்யாண வீட்டுக்காரரே கொடுத்தார் என்று அவன் சத்தியம் செய்ததை ஏட்டு நம்பவில்லை. நம்பாவிட்டாலும் நல்ல மனிதர். மறுநாள் காலை, கல்யாண வீட்டில் பதறிக்கொண்டிருப்பார்களே என்று நகைப்பையைத் தானே எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தனி ஆள் ஸ்டேஷன், அதனால் பூட்டிவிட்டு வந்தார்.

வீட்டுக்கதவு திறந்து கிடந்தது. ஏட்டு, "யாரும்மா வீட்ல?" என்று கேட்டுக்கொண்டே நடுவீடு வரைக்கும் வந்தார். கரண்டு இருந்தது. எந்திரம் கத்தியது.

மூவரும் கயிற்றோடு பாய்ந்தார்கள். ஏட்டு வாயைத் திறப்பதற்குள் தவசி அதில் துண்டை அடைத்துவிட்டான். வாசலுக்கு இழுத்துவந்து திண்ணைத் தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் பையைத் திறந்து பார்த்தால், உள்ளே பாண்டிமீனாவின் நகை. அந்த யோக்கியரை எங்கே மடக்கி இந்தப் பாவி பிடுங்கினானோ என்று பெத்தணன் நெஞ்சில் அடித்துக்கொண்டார். காக்கி உடுப்பில் கூடத் திருடன் வருகிறான், காலம் கெட்டுக் கிடக்கிறது என்றான் காத்தவராயன். ஏட்டின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தையும் உருவிக்கொண்டார்கள், எந்த வீட்டுச் சாவியோ பாவம் என்று. பிறகு மூவருமாகப் போலீசில் சொல்லப் புறப்பட்டார்கள்.

ஸ்டேஷன் பூட்டியிருந்தது. கொத்திலிருந்த ஒரு சாவி அதற்குப் பொருந்தியதைப் பார்த்ததும், போலீஸ் ஸ்டேஷனிலேயே திருடப் பார்த்திருக்கிறான் என்று மூவரும் வாயைப் பிளந்தார்கள். உள்ளே போனால் கம்பிக்குப் பின்னால் சாட்சாத் அந்த யோக்கியர் உட்கார்ந்திருந்தார்.

பெத்தணன் அறையைச் சுற்றிப் பார்த்தார். கனத்த இரும்புக் கம்பி, இத்தனை பெரிய பூட்டு, ஜன்னல்கூடக் கைக்கு எட்டாத உயரம். நகையைக் காப்பதற்கென்றே மனிதர் இப்படி ஒரு இடத்தில் வந்து இருக்கிறாரே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பையைக் கம்பி வழியாக நீட்டினார்.

யோக்கியர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சாவிக்கொத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "இது திருடனுகள அடைக்கிற ரூமுங்க. எனக்கு இங்க என்ன வேல?" என்றார் பணிவாக.

மூவரும் கலந்து பேசினார்கள். அவர் சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து அவரை மரியாதையோடு வெளியே அனுப்பிவிட்டு, வயது வரிசைப்படி அண்ணன் முதலில், தம்பிகள் பின்னால் என்று உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பெத்தணன் சாவியைக் கம்பி வழியாக அவர் கையில் கொடுத்து, நன்றாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கச் சொன்னார். அவரும் இழுத்துப் பார்த்தார்.

வாசல்வரை போனவரைப் பெத்தணன் கூப்பிட்டு நிறுத்தினார். "முகூர்த்தம் விடியக்காலையிலங்கய்யா. பொண்ணுக்குப் பூட்டிவிடணும்ல, நகையோட கொஞ்சம் முன்கூட்டியே வந்துருங்க. கூட எத்தன பேரு வருவாகன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க, இலை போடணும்."