கடைசிக் கூட்டம் போயிடுச்சா?

ஒரு ஊர்ல ஒரு பெரிய ஏரி. ஏரியச் சுத்திப் பூங்கா, அதுக்குள்ள தண்ணி ஓரமாவே ஒரு நடபாதை. குளிர் காலத்துல இமயமலைக்கு அந்தாண்ட இருந்து வாத்துக் கூட்டம் அங்க வரும். வெள்ளத் தலை, தலையில ரெண்டு கறுப்புக் கோடு. பங்குனி வெயில் ஏறுச்சுன்னா, 'ஆங்... ஆங்...'னு கத்திக்கிட்டுக் கூட்டம் கூட்டமாத் திரும்பப் பறந்துடும். எங்க, ம் சொல்லு.

அந்த ஊர்ல உலகம்மான்னு ஒருத்தி. அவ அப்பா குற்றாலிங்கம். வருசா வருசம் அந்த வாத்துகளப் பாக்க விடியவுமே கெளம்பிடுவாரு. உலகம்மா மட்டும் அந்தப் பாதையில காலே வைக்கமாட்டா. ஏன்னா, அவ அம்மா ஆவுடை ஆஸ்பத்திரியில உசுர விட்டப்போ அப்பா பக்கத்துல இல்ல. ஏரிக்கரையில வாத்து பாத்துக்கிட்டு நின்னாரு. அந்தக் கோவம் அவ நெஞ்சுல கல்லா உக்காந்துடுச்சு. சோறு போடுவா, துணி துவைப்பா, முகம் பாத்துப் பேசமாட்டா.

அப்புறம் அப்பாவுக்கு வயசாச்சு. கால் தளந்துபோச்சு, கண்ணும் மங்கிடுச்சு. ஒரு பங்குனியில கேட்டாரு, "உலகு, என்ன ஏரிக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"வேல கெடக்குப்பா."

மறுநாளும் கேட்டாரு. அவ பாத்திரத்த டங்குன்னு வச்சா.

மூணாம் நாள் அவரு கேக்கல. சுவத்தப் புடிச்சுத் தானே எந்திரிச்சாரு. வாசப்படியில தொபுக்குனு விழுந்தாரு. முட்டியில ரத்தம். அப்போதான் அவளுக்கு மனசு தாங்கல. காயத்தக் கழுவி, சக்கர நாற்காலியில உக்கார வச்சு, கடகடன்னு தள்ளிட்டுப் போனா. தூங்கிட்டியா? ம்... கேளு.

தண்ணி மேல வாத்துங்க கழுத்தத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. "எனக்குத் தெரியல தாயி, நீ பாத்துச் சொல்லு"ன்னாரு.

அவளால அடக்க முடியல. "அம்மா சாகக் கெடந்தப்போ இத விட்டுட்டு வர முடியலயாப்பா?"

அவரு சொன்னாரு, "அவதான் அனுப்பினா. 'கடைசிக் கூட்டம் போயிடுச்சா, பாத்துட்டு வந்து சொல்லுங்க'ன்னா. பாத்துட்டு ஓடி வந்தேன். கேக்க அவ இல்ல."

"இத ஏன் இத்தன வருசமா சொல்லல?"

"சொன்னா அவ மேல கோவம் வந்துடுமே உனக்கு. செத்தவ மேல எதுக்கு? என் மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

உலகம்மா அப்படியே மண்ணுல உக்காந்துட்டா.

அப்போ சடசட சடசடன்னு ஏரியே எந்திரிச்ச மாதிரி ஒரு சத்தம்!

"எழும்பிடுச்சுப்பா... வடக்க திரும்புது... ஒண்ணு மட்டும் பிந்திடுச்சு... இல்ல, அதுவும் சேந்துக்கிச்சு."

"தண்ணியில இன்னும் இருக்கா?"

"ஒண்ணும் இல்லப்பா."

அவரு முகத்த மேல தூக்குனாரு. உலகம்மா அவரு கைய எடுத்துத் தன் கன்னத்துல வச்சுக்கிட்டா. ஆகாசத்தப் பாத்து அவளே சொன்னா: "எம்மா, கடைசிக் கூட்டமும் போயிடுச்சும்மா. நானும் அப்பாவும் பாத்தோம்."

அவ்வளவுதான். கதையும் கரை சேந்துச்சு, நீயும் கண்ண மூடிக்கோ.