ஏழு கோடி வருசத்து முட்டை

சத்தியமாச் சொல்றேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகட்டும்! ஓடைக்கரையில் டைனோசர் முட்டையைத் தோண்டி எடுத்தவள் கூலிக்காரி செங்கமலம். பிள்ளைகள் புத்தகத்துக்குப் படம் எடுக்க வந்தவர்களிடம் ஆராய்ச்சி அதிகாரியோ, "கண்டுபிடிச்சது நான், இவ மண்ணு சுமந்தவ" என்றார்.

அவள் வீட்டுக்கு ஓடி, சேறு அப்பிய உருண்டையோடு திரும்பினாள்.

"இதுவும் நீங்க எடுத்ததுதானுங்களே ஐயா?"

கேமரா திரும்பியதும் அதிகாரி நிமிர்ந்தார். "ஆமா, நேத்து நானே தோண்டினேன். ஏழு கோடி வருசத்து முட்டை. தொடாதே!"

செங்கமலம் குடத்துத் தண்ணியைக் கொட்டினாள். சேறு கரைந்து, மரப்பிடி செருகும் குழி பல்லிளித்தது.

"எங்க வீட்டு ஆட்டுக்கல் குழவிய்யா இது! காலையிலதான் இட்லிக்கு ஆட்டினேன். இதைத் தோண்டின கைதான் அதையும் தோண்டுச்சா?"

புத்தகத்தில் செங்கமலத்தின் படம்தான் வந்தது. சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீங்க. அந்த ஆள் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கார்!