உப்பளத்துக்கு மூணு மார்க்

"விமர்சனத்தை எடுத்துடவா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

வந்ததும் வராததுமாகச் செங்குட்டுவன் கேட்டார். செருப்பில் ஒன்றைத்தான் கழற்றியிருந்தார்.

அமலோற்பவம் சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தாள். "முதல்ல உக்காருங்க சார்," என்றாள்.

திருச்சி புத்தூரில் ஒரு அச்சகத்தின் மாடி அது. ஞாயிற்றுக்கிழமை காலையானால் போர்டு கேம் பைத்தியங்கள் அத்தனையும் அங்கேதான் கூடும், என்னையும் சேர்த்து. அமலோற்பவத்துக்கு முப்பத்தோரு வயது, வங்கியில் வேலை. எந்தப் புது கேம் வந்தாலும் விதிகளைச் சொல்லிக் கொடுப்பது அவள்தான். சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அவள்தான். அதனால் எல்லோரும் அவளை 'குருவே' என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்பதாலேயே இன்னும் சத்தமாகக் கூப்பிடுவார்கள்.

செங்குட்டுவனுக்கு நாற்பத்தெட்டு. போர்டு கேம்களுக்கு விமர்சனம் எழுதப் பதினோரு வருஷமாக ஒரு வெப்சைட் நடத்துகிறார். எல்லாம் ஆசைக்குத்தான். நானூற்றுப் பன்னிரண்டு விமர்சனங்கள். ஒன்றில்கூடத் திருத்தம் போட்டதில்லை. இந்தப் பெருமையை அவர் சொல்லாத ஆள் கிடையாது. எனக்கே ஏழு தடவை சொல்லியிருக்கிறார், புண்ணியவான்.

உட்கார்ந்தார். போனைப் பார்த்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"எந்த கேம் சார்?"

"உப்பளம்."

தூத்துக்குடியில் ஜெபராணி என்று ஒரு பெண். அவள் தனி ஆளாகச் செய்த முதல் கேம் உப்பளம். பாத்தியில் உப்பைக் குவிக்க வேண்டும், மழை வருவதற்குள் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நாலு மாதத்துக்கு முன்னால் செங்குட்டுவன் அதற்குப் பத்துக்கு மூன்று போட்டார். எவ்வளவு குவித்தாலும் மழை கரைத்துவிடுகிறது, விளையாடுகிறவருக்கு வேலையே இல்லை என்று எழுதினார். அதற்கப்புறம் அந்த கேமை யாரும் சீண்டவில்லை.

போன வாரம் ஒரு வாசகர் கீழே கமெண்ட் போட்டிருந்தார். "சார், எல்லாரும் ஆடி முடிச்ச பிறகு சுத்துக்கு ஒரு மழை அட்டைதானே எடுக்கணும்? நீங்க ஒவ்வொருத்தர் ஆடும்போதும் எடுத்திருக்கீங்களே?"

செங்குட்டுவன் ஓடிப்போய் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். நாலாம் பக்கம். வாசகர் சொன்னதுதான் சரி.

மாதத்துக்கு மூணு விமர்சனம் என்று சபதம் எடுத்த மனுஷன். நானூறு கேம் ஆடியவருக்கு விதிப் புத்தகத்தை முழுசாகப் படிக்கப் பொறுமை ஏது? படத்தைப் பார்த்தார், சரி தெரிந்துவிட்டது என்று காய்களைக் கொட்டிவிட்டார்.

இப்போது என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கமெண்ட்டை யார் கண்ணிலும் படாமல் மறைத்துவிட்டார்.

"மறைச்சிட்டா முடிஞ்சு போயிடும்னு நினைச்சேன்," என்றார், இதையெல்லாம் அமலோற்பவத்திடம் சொல்லி முடித்து. "இருப்புக்கொள்ள மாட்டேங்குது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சைட்டைத் திறந்து பாக்கறேன். சோறு இறங்கல."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

போனை நீட்டினார். ஜெபராணி அன்று காலை தன் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதியிருந்தாள்.

'எனக்கு விதிகளைத் தெளிவா எழுதத் தெரியல போல. யார் மேலயும் குறை இல்ல. மிச்சம் இருக்கிற இருநூறு பெட்டியையும் நாளைக்குக் காலையில பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடப் போறேன். இனிமே கேம் செய்ய மாட்டேன்.'

அமலோற்பவம் அதை ரெண்டு தடவை படித்தாள்.

"அப்போ இன்னைக்கே சொல்லிட வேண்டியதுதானே சார்?"

"சொன்னா மிச்ச நானூத்திப் பதினொண்ணையும் எவன் நம்புவான்? பதினோரு வருஷம்மா!" செங்குட்டுவன் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். "சத்தமில்லாம எடுத்துடறேன். இல்லன்னா மூணை ஏழாக்கிடறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நிம்மதியாப் போயிடுவேன்."

அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து உப்பளம் பெட்டியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

"விளையாடலாம்."

"இப்பவா?"

"இப்பத்தான். உங்க விமர்சனத்துல எப்படி விளையாடினீங்களோ அதே மாதிரி. விதியை நீங்களே சொல்லுங்க."

இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டாள். கல்லூரியில் கணக்குச் சொல்லித்தரும் தௌலத் மேடம். டயர் கடை வைத்திருக்கும் பிச்சைமுத்து. ரெண்டு பேருக்கும் அந்த கேம் புதுசு. விமர்சனம் மட்டும் படித்திருந்தார்கள்.

செங்குட்டுவன் விதிகளைச் சொன்னார். பாத்தி, குவியல், கொட்டகை எல்லாம் கடகடவென்று வந்தது. மழை அட்டைக்கு வந்ததும் நிறுத்தினார். அமலோற்பவத்தைப் பார்த்தார். அவள் வெள்ளைக் காய்களைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொருத்தர் ஆடும்போதும்... ஒரு மழை அட்டை," என்றார்.

ஆரம்பித்தார்கள்.

பிச்சைமுத்து ஆறு குவியல் வைத்தார். மழை. எல்லாம் போனது.

தௌலத் மூன்று வைத்தார். மழை.

பிச்சைமுத்து மறுபடி நாலு வைத்தார். மழை, மழை, மழை.

"என்னங்க இது, தூத்துக்குடியா சிரபுஞ்சியா?" என்றார் அவர்.

அரை மணி நேரம் ஆனது. கொட்டகையில் ஒரு பொட்டு உப்பு சேரவில்லை. தௌலத் கொட்டாவி விட்டார்.

"சார், நீங்க எழுதினது நூத்துக்கு நூறு சரி. இதுக்கு மூணு மார்க் போட உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சுன்னுதான் தெரியல."

வேறொரு நாளாக இருந்தால் செங்குட்டுவன் உச்சி குளிர்ந்திருப்பார். அன்று கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் ஆனது. பிச்சைமுத்து சீட்டைத் தூக்கி எறிந்தார்.

"யாருய்யா இதைச் செஞ்சது? மூளைன்னு ஒண்ணு இருக்கா அந்தம்மாவுக்கு?"

"அப்படிச் சொல்லாதீங்க," என்றார் செங்குட்டுவன்.

"ஏன் சார்? நீங்களே எழுதியிருக்கீங்களே! உப்பளத்தைக் கண்ணாலயாவது பார்த்தவங்க செஞ்ச கேமா இதுன்னு!"

"அவங்க அப்பாவும் அம்மாவும் உப்பளத்துல வேலை பார்த்தவங்க. அப்போ எனக்குத் தெரியாது."

"பார்த்தும் இந்த லட்சணமா?"

பிச்சைமுத்து எறிந்த சீட்டைச் செங்குட்டுவன் பொறுக்கி மேஜைமேல் வைத்தார்.

அமலோற்பவம் அவர் பக்கம் திரும்பினாள்.

"பார்த்தீங்களா சார்? நீங்க எழுதினது சரின்னு இவங்களே சொல்றாங்க. விமர்சனம் அப்படியே இருக்கட்டும். நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

அவர் எழுந்தார். பையை எடுத்தார். படிக்கட்டு வரை போனார். ஒரு படி இறங்கினார். அங்கேயே நின்றார்.

விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

"எல்லாம் பொய்!"

மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆறேழு மேஜைகளில் ஆட்டம் நின்றது.

"விதியைத் தப்பாச் சொல்லிட்டேன். மழை சுத்துக்கு ஒரு தடவைதான். அந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு, ஒழுங்காத்தான் எழுதியிருக்கு. நான் படிக்கல. நாலு மாசமா அதுக்குக் கிடைச்ச திட்டெல்லாம் எனக்கு வரவேண்டியது. எடுத்துச் சொன்ன ஆளோட கமெண்ட்டையும் மறைச்சு வச்சுட்டேன்!"

அவமானத்தில் அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. பெரிய மனுஷன் அழுதுவிடுவாரோ என்று தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

பிச்சைமுத்து பலகையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"அப்போ ஒரு மணி நேரமா நாங்க விளையாடினது அந்தம்மா கேமே கிடையாதா?"

"கிடையாது."

"பின்னே யாரு கேம் இது?"

அமலோற்பவம் மழை அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாள்.

செங்குட்டுவன் மெல்ல உட்கார்ந்தார். போனை எடுத்தார்.

"விமர்சனத்தை எடுத்துடறீங்களா சார்?" என்று தௌலத் கேட்டார்.

"இல்லம்மா."

மறைத்து வைத்த கமெண்ட்டைத் திறந்துவிட்டார். விமர்சனத்தில் ஒரு எழுத்தை மாற்றவில்லை. மார்க்கையும் தொடவில்லை. மேலே 'கேமை உருவாக்கியவர்' என்ற இடத்துக்குப் போனார். ஜெபராணி என்பதை அழித்தார். செங்குட்டுவன் என்று எழுதினார். விதியைத் தவறாகப் படித்து ஆடினேன் என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்தார்.

அப்புறம் பெட்டியின் பின்னால் இருந்த நம்பரைப் பார்த்துத் தூத்துக்குடிக்குப் போன் போட்டார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டினார்.

"யாரு?"

"உங்க கேமுக்கு விமர்சனம் எழுதின செங்குட்டுவன் பேசறேன்மா."

"சொல்லுங்க சார்," என்றாள் ஜெபராணி. "உங்களுக்கு எந்த இடத்துல போரடிச்சிச்சுன்னு சொன்னா நான் தெரிஞ்சுக்கிடுவேன்."

"அந்தப் பெட்டிகளைப் பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்கம்மா," என்றார் செங்குட்டுவன். "நீங்க செஞ்ச கேமை நான் இன்னும் விளையாடவே இல்ல."