பொய்க் கூச்சலும் ஒரே ஒரு லீவும்

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி. டவுன் பஸ் கண்டக்டர்கள் கையில் இருக்குமே டிக்கெட் மெஷின், அதற்கு மென்பொருள் எழுதுகிற இடம். அங்கே ஒரு சோதனைக் கருவி உண்டு. பழைய குக்கருக்குப் புது கேஸ்கெட் பொருந்துமா என்று வைத்துப் பார்ப்போமில்லையா, அந்த வேலைதான் அதற்கு. மெஷினில் ஏற்கெனவே ஓடும் மென்பொருளோடு புதிதாக எழுதிய பாகம் பொருந்துமா என்று பார்க்கும். உள்ளே ஏதாவது இடம் மாறியிருந்தால் "மாறிவிட்டது" என்று திரையெல்லாம் சிவப்பில் கத்தும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அது கத்தத் தொடங்கியது, நிறுத்தவே இல்லை. 'பயணி' என்ற விவரம் வருகிற இடமெல்லாம் மாறிவிட்டதாம். போய்ப் பார்த்த இடமெல்லாம் இருந்தபடியே இருக்கிறது. கருவி அடங்காமல் புதுப் பாகம் பஸ் ஏறாது.

குழுத் தலைவி பொற்கொடி மூன்று பேரைக் கூப்பிட்டார். "இந்தப் பொய்க் கூச்சலை யார் நிறுத்தறீங்களோ, அவங்க ஒருத்தருக்குத் தீபாவளி லீவு. மத்த ரெண்டு பேரும் டியூட்டி. பஸ் ஓடற நாள், ஆள் இருந்தே ஆகோணும்."

கதிரேசனுக்கு அது தலை தீபாவளி. பொள்ளாச்சியிலிருந்து மாமனார் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். வேணிக்கு ஊருக்குப் போக ரயிலில் இடமே கிடைத்துவிட்டது. தீபாவளி சமயத்தில் அதுவே ஒரு வரம். மணிவாசகத்துக்கு விருந்தும் இல்லை, பயணமும் இல்லை. வீட்டில் தூங்கவேண்டும், அவ்வளவுதான்.

"தூங்கறதுக்கு லீவா? தெனமும் இங்கதானே தூங்கறீங்க?" என்றார் கதிரேசன்.

"இங்க சாஞ்சுதானுங்க தூங்க முடியுது."

கதிரேசன்தான் முதலில் முடித்தார். 'பயணி' என்று எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று கருவிக்கு ஒரு வரி எழுதினார். கருவி கப்சிப்.

வேணி புதுப் பாகத்தை எடுத்துவிட்டு, போன மாதத்துப் பாகத்தையே திரும்ப வைத்தார். அப்போதும் கப்சிப். "புதுசா ஒண்ணுமே இல்லீன்னா அது எதைப் பார்த்துங்க கத்தும்?"

மணிவாசகம் கருவியையே பிரித்தார். 'பயணி' ஒரு கோப்பில் பெயராக மட்டும் இருந்தது, இன்னொன்றில் முழு விவரத்தோடு இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் பேர் போட்ட மாப்பிள்ளை வேறு, மணவறையில் உட்கார்ந்திருப்பவர் வேறு என்று கருவி நினைத்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று அதற்குப் புரியவைத்தார். கூச்சல் அடங்கியது. ஆனால் ஒரே ஒரு சிவப்பு வரி மட்டும் போகவில்லை: 'பயணி'யின் நடுவே புதிதாக ஓர் இடம் செருகப்பட்டிருக்கிறது.

"இவருது இன்னும் கத்துதுங்களே மேடம். என்னுது கத்தலீங்க," என்றார் கதிரேசன்.

"இது பொய் இல்லீங்க," என்றார் மணிவாசகம். "பழைய மெஷின் கட்டணத்தைத் தேடற இடத்துல இப்ப வயசு வந்து உக்காந்திருக்குது. எழுபது வயசுப் பாட்டிகிட்ட எழுபது ரூபாய் கேக்கும்."

பொற்கொடி குனிந்து அந்த வரியைப் படித்தார். முதியோர் சலுகைக்காக அதைச் செருகியவரே அவர்தான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இரண்டு பேர் கருவியை முழுக்க அடக்கிவிட்டார்கள். ஒருவருடைய கருவி இன்னும் கத்துகிறது. லீவு யாருக்குப் போகவேண்டும்?

விடை: மணிவாசகத்துக்கு. பொற்கொடி நிறுத்தச் சொன்னது பொய்யை. கதிரேசன் பொய்யோடு சேர்த்து மெய்யின் வாயையும் பொத்திவிட்டார். வேணி சோதிக்க வேண்டிய பொருளையே ஒளித்துவிட்டார். கத்தவேண்டியதற்கு மட்டும் கத்த விட்டவர் மணிவாசகம். பொற்கொடியும் தான் செருகிய வயசை வரிசையின் கடைசிக்குத் தள்ளினார்; கட்டணம் பழைய இடத்துக்கே வந்தது, அந்தச் சிவப்பு வரியும் போனது. பாகம் பஸ் ஏறியது. தீபாவளியன்று காலையில் பொள்ளாச்சி மாமனார் நல்லெண்ணெய்க் கிண்ணமும் குடும்பமுமாக ஆபீஸிலேயே வந்து இறங்கிவிட்டார். கதிரேசன் நெற்றியில் எண்ணெய் வழிய டியூட்டி பார்த்தார். வேணி அதைப் போட்டோ எடுத்து மணிவாசகத்துக்கு அனுப்பினார். அவர் மறுநாள்தான் பார்த்தார்.